ஸ்லிப்பர் ஆர்க்கிட்: கலவை ஈரமாக இருந்தும் இலை துவள்கிறது, என்ன செய்வது?

ஜன்னலோரம்:
வணக்கம். பூவோடு வாங்கிய கலப்பின ஸ்லிப்பர் ஆர்க்கிட். இலையில் வெளிர்பச்சையும் கரும்பச்சையும் திட்டுத்திட்டாக இருக்கும், மாடியே வகை என்றார்கள். பூ விழுந்த பிறகு இலைகள் துவண்டு நீளவாக்கில் சுருங்கிவிட்டன. மரப்பட்டைக் கலவை ஈரமாகத்தான் இருக்கிறது. தண்ணீரைக் கூட்டியும் பலனில்லை. அடியில் ஒரு இளங்குருத்து வந்து அப்படியே நிற்கிறது. உரம் போடலாமா?

நிழல்வலை:
இப்போது உரம் வேண்டாம். அடியைப் பிடித்து லேசாக அசைத்துப் பாருங்கள். ஆடினால் வேர் போயிருக்கிறது. ஈரத்தில் நின்றும் இலை வாடுகிறதென்றால் தண்ணீர் இருக்கிறது, உறிஞ்சத்தான் ஆளில்லை. பல ஆர்க்கிட்களுக்கு இருப்பதுபோல் நீர் சேமிக்கும் பருத்த தண்டு இதற்குக் கிடையாது, அதனால் வேர் கெட்டால் சீக்கிரமே இலையில் தெரியும். மரப்பட்டை மக்கிப் பொடியாகி, காற்று புகாமல் போயிருக்கும். வெளியே எடுத்துப் பாருங்கள்.

ஜன்னலோரம்:
ஆடுகிறது! எடுத்துவிட்டேன். நடுவில் கலவை கறுத்து, புளித்த வாடை. வேர்கள் எல்லாமே பழுப்பு, மேலே பொடி ரோமம் வேறு. கடைகளில் பரவலாகக் கிடைக்கும் ஃபலனாப்சிஸ் ஆர்க்கிட்டின் வேர்போல வெள்ளையாக ஒன்றுகூட இல்லை. அத்தனையையும் வெட்டிவிடவா?

நிழல்வலை:
ஐயோ, கத்தரியைக் கீழே வையுங்கள். இதன் வேரே பழுப்புதான், ரோமமும் இயல்பு. ஒவ்வொன்றாக விரலால் அழுத்துங்கள். கெட்டியாக இருந்தால் உயிருள்ளது. தோல் உறையாகக் கழன்று உள்ளே நூல் மட்டும் மிஞ்சினால் செத்தது, அதை மட்டும் வெட்டுங்கள்.

அப்புறம், இருக்கும் வேர் கொள்கிற அளவு சின்னத் தொட்டி போதும். பெரிய தொட்டியில் நடு காயவே காயாது. சின்னத் துண்டு மரப்பட்டையோடு கொஞ்சம் பெர்லைட் (லேசான வெள்ளைக் கல்துகள்). குருத்தின் அடி சுமார் 1 செ.மீ. கலவைக்குள் இருக்கட்டும். புது வேர் அங்கிருந்துதான் வரும், அடி மேலே நின்றால் முளைக்கும்போதே காய்ந்துவிடும். அதற்காக ஆழப் புதைக்காதீர்கள், அழுகும். ஆடாமல் ஒரு குச்சியோடு கட்டுங்கள்.

ஈரப்பாசி:
வேர் மிகக் குறைவு என்றால் மரப்பட்டையைவிட, ஈரம் பிடித்துவைக்கும் ஸ்பாக்னம் பாசிதான் என் தேர்வு. நன்றாகப் பிழிந்து தளர்வாக வையுங்கள். மேலே ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பை கவிழ்த்து, வெளிச்சமான நிழலில் விடுங்கள். இலை நடுவில் தண்ணீர் தேங்கக் கூடாது. தட்டில் தண்ணீர் வைத்து வளர்க்கச் சொல்வார்கள், அது ஃப்ராக்மிபீடியம் என்ற வேறொரு ஸ்லிப்பர் ஆர்க்கிட் இனத்துக்கு. உங்களுடையது பாஃபியோபெடிலம், அதற்கு ஆகாது.

ஜன்னலோரம்:
மூன்று வேர் கெட்டியாக இருக்கின்றன! பாசியில் வைக்கிறேன். பூத்து முடித்த பழைய செடியை நீக்கலாமா?

நிழல்வலை:
சரி, பாசியும் நல்லதுதான். பழையது இனிப் பூக்காது, ஒரு குருத்துக்கு ஒரு தடவைதான் பூ. ஆனால் அந்த இலைகள்தான் இளசுக்குச் சோறு போடுகின்றன, தானாகக் காயும்வரை விடுங்கள். அதன் சுருக்கம் முழுசாக மாறாமலும் போகலாம். குருத்தில் புது இலை நகர ஆரம்பித்ததும், பொட்டலத்தில் சொன்ன அளவில் கால் பங்கு உரம் கொடுங்கள், இடையிடையே வெறும் தண்ணீரால் உப்பை அலசிவிடுங்கள்.