பதவியில் இருப்பவருக்கு நோபல் அமைதிப் பரிசு: விவாத அரங்குக்கு முன் சில சந்தேகங்கள்

கீழக்கரை வாசகன்:
எங்க ஊர் வாசகர் வட்டத்தில் அடுத்த மாதம் விவாத அரங்கு. தலைப்பு: “பதவியில் இருக்கும் அரசியல்வாதிக்கு நோபல் அமைதிப் பரிசு தகுமா?” பேசப்போகிறவர்கள் இப்போதே வாட்ஸ்அப்பில் மோதிக்கொள்கிறார்கள். ஒபாமா பதவியேற்ற 12ஆம் நாளே பரிசு முடிவாகிவிட்டது என்கிறார் ஒருவர். மியான்மரில் ரோஹிங்கியா முஸ்லிம்கள் அடித்து விரட்டப்பட்ட பிறகும் அந்நாட்டுத் தலைவர் ஆங் சான் சூகியிடமிருந்து பரிசை ஏன் திரும்ப வாங்கவில்லை என்று தெருப் பையன்கள் கேட்கிறார்கள். 2025இல் வெனிசுவேலாவின் மரியா கொரினா மச்சாடோவுக்குக் கொடுத்தது நார்வே அரசின் கணக்கு என்கிறார் இன்னொருவர். விதி தெரிந்தவர்கள் சொல்லுங்க. யார் பெயர் அனுப்பலாம், யார் முடிவு செய்கிறார்கள், கொடுத்ததைத் திரும்ப வாங்க வழி உண்டா? மேடையில் எந்த வாதம் நிற்கும், எது சரியும்?

மண்டபம் கரை:
பெயர் அனுப்புவதில் இருந்து ஆரம்பிப்போம். உலகில் எந்த நாட்டின் தேசிய நாடாளுமன்ற உறுப்பினரும் பெயர் அனுப்பலாம். அப்படியென்றால் ராமநாதபுரம் எம்.பி. அனுப்பலாம், எம்.எல்.ஏ. அனுப்பினால் செல்லாது, சட்டமன்றம் அந்தப் பட்டியலில் இல்லை. தேசிய அரசின் அமைச்சர்கள், பல்கலைக்கழகத்தில் வரலாறு, சமூக அறிவியல், சட்டம், தத்துவம், சமயம் கற்பிக்கும் பேராசிரியர்கள், முன்பு பரிசு பெற்றவர்கள், பரிசுக் குழுவின் இந்நாள் முன்னாள் உறுப்பினர்கள் ஆகியோரும் அனுப்பலாம். தன் பெயரைத் தானே அனுப்பினால் பார்க்கமாட்டார்கள். கடைசி நாள் ஜனவரி 31.

ஆகவே, “நோபலுக்குப் பரிந்துரைக்கப்பட்ட தலைவரே” என்று புது பஸ் ஸ்டாண்டு முன்னால் ஃபிளெக்ஸ் கட்டினால் அதற்கு ஒரு எடையும் கிடையாது. தகுதியுள்ள ஒருவர் படிவத்தை நிரப்பினார் என்பதற்கு மேல் அதில் எதுவுமில்லை. 2025இல் மட்டும் 338 பெயர்கள் வந்தன. யார் யாரை அனுப்பினார்கள் என்பதைக் குழு 50 ஆண்டு வெளியே விடாது. அனுப்பியவரே சொல்லிக்கொண்டால்தான் உண்டு.

அடுத்து, நார்வே அரசு. நம்ம கரையில் நார்வே என்றால் 2002 இலங்கைப் போர்நிறுத்தமும் அதற்குத் தூது வந்த எரிக் சொல்ஹெய்மும்தான் ஞாபகத்துக்கு வரும். அது வெளியுறவுத் துறை வேலை. பரிசுக் குழு வேறு. நோபலின் 1895 உயில்படி நார்வே நாடாளுமன்றம் ஐந்து பேரைத் தேர்ந்தெடுக்கிறது. கட்சிகளின் பலத்துக்கு ஏற்ப இடங்கள் போகும். பதவியில் உள்ள அமைச்சரும் எம்.பி.யும் குழுவில் இருக்கக் கூடாது. அதனால் “அரசு கொடுத்தது” என்றால் எதிரணி ஒரே வரியில் கவிழ்த்துவிடும். “கட்சிகள் தேர்ந்தெடுத்தவர்கள் கொடுக்கிறார்கள்” என்று சொல்லுங்க, அதை மறுப்பது கஷ்டம். 2009இல் குழுத் தலைவராக இருந்த தோர்பியோர்ன் யாக்லாண்ட் நார்வேயின் முன்னாள் பிரதமர். சீனாவும் இந்த வித்தியாசத்தை ஒத்துக்கொள்ளவில்லை. 2010இல் தன் அரசை எதிர்த்த லியு சியாபோவுக்குக் கொடுத்ததும் நார்வே அரசோடு அரசியல் உறவை முடக்கிவைத்து 2016 டிசம்பர் வரை முகம் கொடுக்கவில்லை.

வாலிநோக்கம் உப்பு:
திரும்ப வாங்குவது பற்றி நான் சொல்கிறேன். முடியாது. நோபல் அறக்கட்டளை விதியின் 10ஆம் பிரிவு முடிவை எதிர்த்து மேல்முறையீடு இல்லை என்கிறது. பறிக்கும் ஏற்பாடு எந்தப் பிரிவிலும் இல்லை. பரிசு நாள் வரை செய்த வேலையைத்தான் குழு எடைபோடுகிறது, அதன்பின் நடப்பதைக் கண்காணிக்கும் வேலையை அது எடுத்துக்கொள்ளவில்லை.

சூகி விஷயத்தில் பையன்கள் கோபம் நியாயம். ஆனால் மதத்தை இழுக்க வேண்டியதில்லை, விதியே அப்படி. வேறு அமைப்புகளின் விருதுகளோடு ஒப்பிட்டுக் காட்டினால் மேடையில் எடுபடும். சூகிக்கு விருது கொடுத்த வாஷிங்டன் ஹாலோகாஸ்ட் அருங்காட்சியகம் 2018 மார்ச்சில் திரும்ப எடுத்துக்கொண்டது; மனித உரிமை அமைப்பான அம்னஸ்டி 2018 நவம்பரில் தன் விருதைப் பறித்தது. அவர்களால் முடிந்தது, பரிசுக் குழு இருக்கும் ஆஸ்லோவால் முடியாது.

பெற்றவரே திருப்பிக் கொடுத்தாலும் வாங்கமாட்டார்கள். 1973இல் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் கிஸ்ஸிஞ்சருக்கும் வியட்நாமின் லெ டக் தோவுக்கும் சேர்த்து அறிவித்தார்கள். நாட்டில் அமைதியே வரவில்லை என்று தோ மறுத்துவிட்டார். குழுவில் இருவர் ராஜினாமா செய்தார்கள். கிஸ்ஸிஞ்சர் ஆஸ்லோவுக்கே போகவில்லை. 1975இல் சைகோன் விழுந்ததும் பரிசைத் திருப்பித் தர முன்வந்தார், குழு ஏற்கவில்லை. 50 ஆண்டு முடிந்து 2023இல் காகிதங்கள் திறந்தபோதுதான் அவர் பெயரை முன்மொழிந்தவர் குழு உறுப்பினர் யோன் சான்னெஸ் என்பது தெரிந்தது. கடிதத் தேதி 1973 ஜனவரி 29. வியட்நாம் போரை நிறுத்தும் பாரிஸ் ஒப்பந்தத்தில் மை காய்ந்து இரண்டு நாள்!

தொண்டி அலை:
ஒபாமாவின் “12 நாள்” வாதத்தை விட்டுவிடச் சொல்லுங்க காக்கா, அது நொண்டி. 2009 ஜனவரி 20 பதவியேற்பு, அந்த ஆண்டு பெயர் அனுப்பக் கடைசி நாள் பிப்ரவரி 1, சரி. ஆனால் அது பெயர் சேர்க்கும் நாள்தான். அதன்பின் சுருக்கப்பட்டியல், ஆலோசகர்களின் அறிக்கை என்று மாதக்கணக்கில் போகும், முடிவு அக்டோபர் வாக்கில். இதற்கிடையில் ஏப்ரல் 5இல் பிராகாவில் அணு ஆயுத ஒழிப்பு உரை, ஜூன் 4இல் கெய்ரோ உரை. அவற்றையும் பார்த்துத்தான் அக்டோபர் 9இல் அறிவித்தார்கள். எதிரணி இந்தத் தேதிகளை அடுக்கினால் உங்க ஆள் மாட்டிக்கொள்வார்.

பலமான வாதம் வேறு. டிசம்பர் 1இல் ஆப்கானிஸ்தானுக்கு மேலும் 30,000 படையினர் என்று அறிவித்தார். டிசம்பர் 10இல் ஆஸ்லோவில் மேடையேறி, போர் சில நேரம் அவசியம் என்று பேசினார். உயிலில் நோபல் எழுதிய அளவுகோல் மூன்று: நாடுகளுக்கிடையே சகோதரத்துவம், படைகளைக் குறைப்பது அல்லது ஒழிப்பது, அமைதி மாநாடுகளை நடத்திப் பரப்புவது. இரண்டாவதைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்க.

என் கருத்தில் சண்டை முழுவதும் ஒரே இடத்தில்தான். குழு சில சமயம் முடிந்த வேலைக்குக் கொடுக்கிறது, சில சமயம் கடலுக்குப் போகுமுன் வியாபாரி போட்டுக்கு முன்பணம் கொடுப்பதுபோல் கொடுக்கிறது. மீன் படாவிட்டால் பேச்சு கொடுத்தவனுக்கும் விழும். எத்தியோப்பியப் பிரதமர் அபி அகமது அப்படி. எரித்திரியாவோடு சமாதானத்துக்காக 2019இல் கொடுத்தார்கள், 2020 நவம்பரில் அவர் நாட்டுக்குள்ளேயே டிக்ரே பகுதியில் போர். 2022 ஜனவரியில் குழு போரை நிறுத்தும் சிறப்புப் பொறுப்பு அபிக்கு உண்டு என்று அறிக்கை விட்டது, அதற்கு மேல் அதன் கையில் ஒன்றுமில்லை.

மண்டபம் கரை:
தொண்டி அலை சொல்வதில் பாதிதான் எனக்கு உடன்பாடு. முன்பணம் எப்போதும் வீணாகவில்லை. கொலம்பியாவில் 2016 அக்டோபர் 2இல் மக்கள் வாக்கெடுப்பில் அமைதி ஒப்பந்தம் மயிரிழையில் தோற்றது. ஐந்தாம் நாள் அதிபர் சாண்டோஸுக்குப் பரிசு. தோற்றவருக்கா என்று கேட்டார்கள். நவம்பர் 24இல் திருத்திய ஒப்பந்தம் கையெழுத்தானது, அந்த மாதமே நாடாளுமன்றம் ஏற்றது. பரிசால்தான் நடந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது. கெடுக்கவில்லை என்று சொல்லலாம்.

சேதுக்கரை:
எல்லாரும் தலைப்பையே பார்க்கவில்லை. “பதவியில் இருக்கும்” என்று போட்டால் உங்க உதாரணங்களில் பாதி கழன்றுவிடும். 1991இல் சூகி வீட்டுக் காவலில் இருந்தார். மச்சாடோ அரசுக்கு எதிராக நின்று தலைமறைவாக இருந்தவர். இரண்டும் பதவிக் கணக்கில் வராது. உள்ளே வருபவர்களில் சிலர்: 1971 மேற்கு ஜெர்மனியின் வில்லி பிராண்ட், 1973 கிஸ்ஸிஞ்சர், 1978 எகிப்தின் சதாத், இஸ்ரேலின் பெகின், 1990 சோவியத்தின் கோர்பச்சேவ், 1994 இஸ்ரேலின் ராபின், பெரஸ், 2009 ஒபாமா, 2016 சாண்டோஸ், 2019 அபி. 1994இல் பாலஸ்தீனத் தலைவர் அராஃபத்துக்கும் சேர்த்துக் கொடுத்ததற்காகக் குழுவிலிருந்து கோரே கிறிஸ்டியான்சன் விலகினார். எதிர்த்துப் பேசுபவருக்கு உதவும்.

காந்தியை யாராவது கட்டாயம் இழுப்பார்கள். 1937, 1938, 1939, 1947, 1948 ஆகிய ஆண்டுகளில் பரிந்துரை போனது. 1948இல் அவர் கொல்லப்பட்ட பின், உயிரோடு இருப்பவர்களில் தகுந்தவர் இல்லை என்று அந்த ஆண்டுப் பரிசையே நிறுத்தினார்கள். உருக்கமான விஷயம்தான், ஆனால் அவர் எந்த அரசுப் பதவியிலும் இருந்தவர் இல்லை. நடுவர் விவரம் தெரிந்தவர் என்றால் அந்த இடத்திலேயே மணி அடிப்பார்.

பக்கத்து மாநிலத்திலேயே பொருத்தமான ஒன்று இருக்கு. 2022இல் கேரள முன்னாள் சுகாதார அமைச்சர் ஷைலஜாவுக்கு மகசேசே விருது தேடி வந்தது. தன் மார்க்சிஸ்ட் கட்சியோடு கலந்து பேசி வேண்டாம் என்றுவிட்டார். பொது சுகாதாரம் தனி ஆள் சாதனை அல்ல, அரசியலில் இயங்குகிறவர்களுக்கு அந்த விருது வழக்கமில்லை, விருதுக்குப் பெயர் தந்த பிலிப்பைன்ஸ் அதிபர் மகசேசே கம்யூனிஸ்டுகளை ஒடுக்கியவர் என்பவை கட்சி சொன்ன காரணங்கள். அரசியல்வாதி வாங்கலாமா என்பதை வாங்குகிறவர் பக்கமிருந்து பார்க்க இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

கீழக்கரை வாசகன்:
ரொம்ப நன்றி காக்காமாரே. தலைப்பில் “பதவியில் இருக்கும்” என்பதை எடுத்துவிட்டு “அரசியல்வாதிக்கு” என்று மட்டும் போடச் சொல்லிவிட்டேன், சூகியும் மச்சாடோவும் உள்ளே வந்துவிடுவார்கள். காந்தியை எந்த அணிக்குக் கொடுப்பது என்றுதான் இப்போது சண்டை.

சேதுக்கரை:
நடுவருக்குக் கொடுங்க.