அக்கா மகனுக்கு நல்ல மறுவாழ்வு மையம் வேண்டும், விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். நாங்கள் இருப்பது வடசென்னையில். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் என் அக்கா மகன், டேபென்டடால் என்ற வலி மாத்திரையைக் கரைத்து ஊசியாக ஏற்றிக்கொள்கிறான் என்பது இப்போதுதான் வீட்டுக்குத் தெரிந்தது. இந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டைதான் போடுகிறான். முழங்கை மடிப்பில் நரம்பு தடித்துக் கறுத்திருக்கிறது.

"மாத்திரைதானே சித்தி, கஞ்சாவா பிடிக்கிறேன்?" என்கிறான். வயிறு எரிகிறது. டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கவே கூடாத மருந்து அது. அபினி வகையைப் போலவே வேலை செய்வது. அளவு மீறினால் மூச்சை அடக்கிவிடும், மதுவும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். விழுங்குவதற்கென்று செய்த மாத்திரையில் டால்க் போன்ற கரையாத தூள்கள் இருக்கும். அவை ரத்தத்தோடு போய் நுரையீரலின் நுண்குழாய்களை அடைத்துவிடும். ஊசியை நண்பர்களோடு பகிர்ந்திருக்கிறான். எச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் சி பரிசோதனை இனிமேல்தான்.

போதைப் பழக்கத்திலிருந்து மீள்வதற்கான 14446 என்ற தேசிய உதவி எண்ணை நீங்களும் குறித்துக்கொள்ளுங்கள்.

எனக்குத் தெரிய வேண்டியது இதுதான்: சென்னையில் எந்த அரசு மருத்துவமனையில் உள்நோயாளியாகச் சேர்த்து, மருந்து கொடுத்துப் படிப்படியாக நிறுத்துகிறார்கள்? தனியார் மையம் என்றால், நோயாளியைச் சங்கிலியால் கட்டுவதை 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் தடை செய்த பிறகும் கட்டிவைத்து அடிக்கும் இடங்கள் இருப்பதாகக் கேள்விப்பட்டு அக்கா நடுங்குகிறாள். பெற்றவர்களை உள்ளே விட்டுப் பார்க்க அனுமதிக்கும் மையம் எது, செலவு எவ்வளவு ஆகும்? பிள்ளையை அங்கே வைத்துப் பார்த்தவர்கள் தனிச்செய்தியில் எழுதினாலும் போதும். பையன் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறான். மனம் மாறுவதற்குள் சேர்த்துவிட வேண்டும்.