கையில் கேமரா இருந்தும் விட்டுப்போன படங்கள்

நல்ல படத்தைப் போட நம்மில் யாருக்கும் சொல்லித்தர வேண்டாம். கோட்டைவிட்ட கதையைத்தான் யாரும் எழுதுவதில்லை. சுவீடன் கடற்கரை ஓரம் வசிக்கிறவர்கள், லென்ஸைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போய்வருகிறவர்கள் எல்லாருக்கும் ஒரு கேள்வி: கண்ணெதிரே நடந்தும் கேமராவுக்குள் வராமல் போனது எது? நானே ஆரம்பிக்கிறேன்.

ஸ்டாக்ஹோமுக்கு வடக்கே ரூஸ்லாகன் கரையில், நோர்தேல்யேவுக்குப் பக்கத்தில் ஒரு சின்னச் சிவப்பு மரவீட்டை வாடகைக்கு எடுத்திருக்கிறோம். வெள்ளிக்கிழமை மாலை போனால் ஞாயிறு இரவுதான் திரும்புவோம். ஏப்ரல் நடுவில் அங்கே ப்லோசிப்பா பூக்கும். விரல் உயரத்துக்கு ஒரு நீலப் பூ. மரங்கள் இலைவிட்டு நிழல் கட்டுவதற்கு முன்பே அவசரமாகப் பூத்து முடித்துவிடும். வெயில் அடித்தால்தான் விரியும். மழை வந்தாலும் சாயங்காலம் ஆனாலும் மூடிக்கொள்ளும். வேரோடு பிடுங்குவது நாடு முழுக்கத் தடை, ஸ்டாக்ஹோம் மாவட்டத்தில் ஒரு பூவைக்கூடப் பறிக்கக் கூடாது. அதனால் பூவிடம் நாம்தான் போகவேண்டும், அதுவும் வயிற்றால் ஊர்ந்து.

அப்படித்தான் ஒரு சனிக்கிழமை காலை ஈரச் சருகில் கவிழ்ந்து படுத்திருந்தேன். மிகக் கிட்டத்தில் எடுக்கிற மேக்ரோ லென்ஸ், மூச்சை அடக்கி ஃபோகஸ். முதுகுக்குப் பின்னால் நாய் குரைத்தது. கட்டைத் தொண்டையில் 'பஃப், பஃப்' என்று. பக்கத்து வீட்டு நாய் அவிழ்த்துக்கொண்டு வந்துவிட்டது என்று நினைத்து, திரும்பாமலே 'ச்சீ, போ அந்தப் பக்கம்' என்றேன். தமிழில்தான். மறுபடியும் குரைத்தது, இன்னும் கிட்டத்தில். எரிச்சலோடு திரும்பினால் ஒரு கிடா மான். ரோயூர் என்கிற சின்ன மான், நம் ஆட்டைவிடக் கொஞ்சம் உயரம். பத்து மீட்டர்கூட இருக்காது. கொம்பு இரண்டும் நிமிர்ந்து நிற்க, 'என் இடத்தில் படுத்துக்கொண்டு என்ன செய்கிறாய்' என்கிற பார்வை. இந்த மான் நாய்போலக் குரைக்கும் என்று புத்தகத்தில் படித்திருக்கிறேன். படித்தது அந்த நேரத்துக்கு உதவினால்தானே. லென்ஸில் ஃபோகஸ் இன்னும் ஒரு சாண் தூரத்திலேயே நின்றது. வளையத்தைத் திருப்பித் திருப்பி மானுக்குக் கொண்டுவருவதற்குள் அது துள்ளிவிட்டது. என்னிடம் இருப்பது நீலமாக நாலு புள்ளி, அதற்கு நடுவே மங்கலாக ஒரு வெள்ளைப் பின்புறம்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி என் முழங்கால் மடிப்பில் ஒரு உண்ணியைக் கண்டுபிடித்தாள். ரூஸ்லாகன் பக்கம் தரையில் படுக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: உண்ணி பரப்பும் மூளைக்காய்ச்சலுக்குத் தடுப்பூசி உண்டு, போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் அதே உண்ணி தருகிற பொர்ரேலியா என்கிற இன்னொரு தொற்றுக்கு அந்த ஊசி உதவாது. கால்சட்டையைக் காலுறைக்குள் செருகிக்கொண்டு போவதுதான் வழி. பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும். மானுக்கு என்ன வந்தது.

கால்மாரிலிருந்து

அண்ணா, உங்களுக்காவது மான் பத்து மீட்டரில் நின்றது. எனக்கு வந்தது கிட்டே வந்ததால்தான் போச்சு.

கால்மாரிலிருந்து பாலத்தைத் தாண்டினால் ஓலண்ட் தீவு. ஆறு கிலோமீட்டர் பாலம், 1972-ல் திறந்தது. தீவின் தென்கோடி ஓட்டன்பி. அங்கே 1785-ல் கட்டிய கலங்கரை விளக்கம் நிற்கிறது, 41.6 மீட்டர், சுவீடனிலேயே உயரமானது. பெயர் 'லோங்கே யான்', அதாவது நெட்டை யான். இலையுதிர் காலத்தில் தெற்கே போகிற பறவைகளுக்கு அதுதான் கடைசித் தரை, அப்புறம் கடல்தான். 1946 முதல் அங்கே பறவை நிலையம் வைத்து, பறவைகளின் காலில் அடையாள வளையம் மாட்டுகிறார்கள்.

அக்டோபரில் போயிருந்தேன். பருந்து, வாத்துக்கூட்டம் என்று பெரிய கனவு. 600 மில்லிமீட்டர் லென்ஸ், முக்காலி, எல்லாம் சுமந்துகொண்டு. காற்று ஆளைத் தள்ளியது. கொஞ்ச நேரம் பழைய கல்சுவர் ஒன்றின் மறைவில் உட்கார்ந்தேன். 1653-ல், பின்னாளில் மன்னரான கார்ல் குஸ்டாவ் தன் வேட்டை மான்கள் வெளியே போகாமலிருக்கத் தீவின் குறுக்கே கட்டிய சுவர் அது. இன்றைக்கும் காற்றை நன்றாக மறைக்கிறது.

சுவரின் கல் இடுக்குகளில் ஏதோ ஊசிபோலக் கீச்சிட்டது. பார்த்தால் குங்ஸ்ஃபோகெல். 'அரசப் பறவை' என்று அர்த்தம்; உச்சந்தலையில் மஞ்சள் பட்டை இருப்பதால் அந்தப் பெயர். உடம்பு எடை 5, 6 கிராம்தான். இந்த உடம்பை வைத்துக்கொண்டு இரவில் கடலைத் தாண்டுகிறது! ஒன்றல்ல, இருபது முப்பது இருக்கும். பசியில் சிலந்தி தேடிக்கொண்டிருந்தன, என்னைக் கல்லில் ஒரு கல்லாகத்தான் எடுத்துக்கொண்டன. ஒன்று என் ஷூ நாடாவில் உட்கார்ந்து நாடாவையே கொத்திப் பார்த்தது.

என் லென்ஸுக்கு மூன்று மீட்டராவது தூரம் வேண்டும். ஃபோன் உள்சட்டைப் பையில். கையுறையைக் கழற்றினால் பறந்துவிடும். ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்தேன். நாடாவை விட்டுவிட்டு அதுவாகவே போயிற்று. அன்றைக்கு எடுத்தவற்றில் ஓரளவு தேறியது சுவர் மட்டும்தான்.

கோத்தன்பர்க்குக்கு வடக்கே, மேற்குக் கரையிலிருந்து

சுருக்கமாகச் சொல்கிறேன். ஜூன், ஒரு சிறு துறைமுகத்து அலைதாங்கி, ஆர்க்டிக் ஆலா. அண்டார்டிகா பக்கம்வரை போய்த் திரும்புகிற பறவை என்று மரியாதையோடு நெருங்கினேன். அது என் மண்டையில் கொத்தி ரத்தம் வரவைத்தது. கூடு இருப்பதை நான் கவனிக்கவில்லை, தப்பு என்னுடையது. அது எப்போதும் உச்சியைத்தான் தாக்கும் என்று அங்கே தூண்டில் போட்டுக்கொண்டிருந்த பெரியவர் சொன்னார். முக்காலியைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி திரும்பி நடந்தேன். அது முக்காலியைக் கொத்தியது. படம் ஏது? கை இரண்டும் மேலே.

நிக்ஷோப்பிங்கிலிருந்து

மேற்குக்கரைத் தம்பி, சிரித்து முடிக்க நேரமாகிவிட்டது. என் கதையில் சிரிப்பு கடைசியில்தான் வரும்.

பிப்ரவரி, மைனஸ் 14. எங்கள் பக்கத்து விரிகுடா உறைந்து கிடந்தது. இந்தப் பால்டிக் கடலில் உப்பு குறைவு, சீக்கிரம் உறையும். ஏற்றவற்றம் என்று சொல்லிக்கொள்ளும்படி இல்லாததால் கரையோரப் பனித்தளம் உடையாமல் கிடக்கும். அதில் ஏதோ செத்துக் கிடந்தது, அன்னமாக இருக்கலாம். சுற்றிலும் அண்டங்காக்கைகள். கரைச் சாலையில் காரை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, அரை மூட்டை பொன்னி அரிசி போட்டுத் தைத்த துணிப்பையை விளிம்பில் வைத்து, அதன்மேல் லென்ஸ். காரைப்போல நல்ல மறைவிடம் கிடையாது. காரிலிருந்து இறங்கினால் எல்லாம் போய்விடும், உள்ளேயே இருந்தால் பறவைகள் கண்டுகொள்வதில்லை.

ஒன்றரை மணி நேரம் கழித்து வெண்வால் கடற்கழுகு வந்தது. இரண்டேகால் மீட்டர் இறக்கை விரிப்பு. கயிற்றுக்கட்டில் ஒன்று பறந்து வந்து இறங்கியதுபோல இருந்தது. 1970-களில் இந்தக் கரையில் இது அநேகமாக அற்றுப்போகிற நிலை. டிடிடி, பிசிபி நச்சால் முட்டை ஓடு மெலிந்து அடைகாக்கும்போதே உடைந்தது. நச்சுகளைத் தடை செய்தார்கள், குளிர்காலத்தில் நச்சில்லாத இறைச்சியைப் போட்டுக் காப்பாற்றினார்கள். இப்போது வாரக்கடைசியில் கடலோரம் நடந்தால் ஒன்றாவது கண்ணில் படுகிறது.

கழுகு கிழித்துத் தின்ன ஆரம்பித்ததும் ஒரு அண்டங்காக்கை பின்பக்கமாக நடந்து வந்தது. நடைதான், பறக்கவில்லை. கழுகின் வெள்ளை வாலை அலகால் பிடித்து இழுத்தது. கழுகு திரும்பியது. அந்த இடைவெளியில் முன்பக்கம் நின்ற இன்னொன்று ஒரு துண்டைக் கவ்விக்கொண்டு போனது. இதையே மூன்று தடவை செய்தன! எங்கள் அலுவலகத்தில்கூட இவ்வளவு ஒற்றுமை பார்த்ததில்லை.

முதல் இழுப்புக்கு ஷட்டரை அழுத்தினேன், கேமரா அணைந்தது. குளிரில் பேட்டரி செத்துவிட்டது. மாற்று பேட்டரி பின்சீட்டுப் பையில், அதுவும் சில்லிட்டுப் போயிருந்தது. அதை அக்குளில் வைத்துச் சூடாக்கிக்கொண்டே மீதியைப் பார்த்தேன். இப்போதெல்லாம் மாற்று பேட்டரிக்கு உடம்போடு ஒட்டிய உள்பை.

சிரிப்பு இங்கேதான். முன்பே எடுத்திருந்த கழுகு படத்தைப் பார்க்கிற அவசரத்தில் கேமராவை நேரே கதகதப்பான அடுப்படிக்குக் கொண்டுபோனேன். லென்ஸ் முழுக்க வியர்த்து, கண்ணாடிக்கு உள்ளேயும் நீர். வெளியிலேயே பிளாஸ்டிக் பையில் போட்டு இறுகக் கட்டி, உள்ளே கொண்டுவந்து, சூடு ஏறியபின் பிரிக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். மற்றவர்களுக்குச் சொல்லியும் இருக்கிறேன்.

மீண்டும் ரூஸ்லாகன்

அக்கா, அந்த அரிசிப்பையின் அளவு வேண்டும், நானும் ஒன்று தைத்துக்கொள்கிறேன்.

இன்னொன்று நினைவுக்கு வந்தது. எங்கள் பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு ஒரு படகுக்கொட்டகை உண்டு. அவருடைய தாத்தா தண்ணீர் ஓரமாகக் கட்டியது. இப்போது புல்லுக்கு நடுவே நிற்கிறது. கடல் உள்வாங்கவில்லை, பனியுகத்துப் பனிப்பாறையின் பாரம் நீங்கிய நிலம் இன்னும் எழும்பிக்கொண்டிருக்கிறது. எங்கள் பக்கம் ஆண்டுக்குச் சுமார் 5 மில்லிமீட்டர். அந்தக் கொட்டகைக்குப் பக்கத்துப் புதரில் போன மே மாதக் கடைசியில் ஒரு பறவை விசில் அடித்தது. மூன்று நாலு சுரம், தெளிவாக, திரும்பத் திரும்ப. எட்டிப் பார்த்தால் ஒரு பழுப்புக் குருவி. இதற்கா இவ்வளவு குரல் என்று விட்டுவிட்டேன். ரூசென்ஃபிங்க் என்று பாட்டி சொன்னார். முழுதாக வளர்ந்த ஆணுக்குத் தலையும் மார்பும் செக்கச்சிவப்பாக இருக்குமாம்; ஒரு வயது ஆண் பழுப்பாகவே இருந்துகொண்டு பாடும்.

வீட்டுக்கு வந்து படித்தபோதுதான் தெரிந்தது, இங்கிருந்து மற்ற பறவைகள் பலவும் ஆப்பிரிக்காவுக்குப் போக, இது கிழக்கே திரும்பி இந்தியப் பக்கம் குளிர்காலத்தைக் கழிக்கப் போகிறது. மறுநாள் கேமராவோடு போனேன், இலைக்குள்ளிருந்து குரல் மட்டும்தான். ஃபோனில் பதிவு செய்து ஊரில் இருக்கும் அம்மாவுக்கு அனுப்பினேன்.

"யாரோ கூப்பிடற மாதிரி இருக்கே, போய் என்னன்னு பாருடா" என்றார்.