ஒட்டுப்புரதமா, பற்றுப்புரதமா?

அனைவருக்கும் வணக்கம்.

நாம் நோயாளிகளுக்காகத் தமிழில் எழுதும் மார்பகப் புற்றுநோய்க் கையேட்டில், உயிரணுக்களை ஒன்றோடொன்று சேர்த்து வைத்திருக்கும் புரத வகைக்கு இதுவரை மூன்று சொற்கள் வந்துள்ளன: ஒட்டுப்புரதம், பிணைப்புப் புரதம், பரவல்தடைப் புரதம். முதல் இரண்டிலும் எனக்குத் தயக்கம்தான், மூன்றாவதை மறுக்கிறேன். ஆகவே அதிலிருந்தே தொடங்குகிறேன்.

அந்தப் பெயர் ஏன் தோன்றியது என்பது புரிகிறது. இந்த வகையில் பெயர்பெற்றது ஈ-கேட்ஹெரின். 16ஆம் குரோமோசோமில் உள்ள சிடிஎச்1 மரபணுவின் ஆக்கம் அது. அதற்கான சாயமேற்றிய தகட்டை நுண்ணோக்கியில் வைத்தால், பால்நாளப் புற்று (ductal) என்ற வகையில் ஒவ்வொரு உயிரணுவின் விளிம்பிலும் பழுப்புக் கோடு ஓடி, தேன்கூடு போலத் தெரியும். நுண்மடல் புற்று (lobular) என்ற இன்னொரு வகையில் பெரும்பாலும் அந்தக் கோடே இருக்காது. நீல உட்கருக்கள் மட்டும் ஒன்றன்பின் ஒன்றாக, நார்த்திசுவுக்குள் ஒற்றை வரிசையில் போய்க்கொண்டிருக்கும். இப்படித் திரளாமல் ஊர்வதால்தான் சில சமயம் கைக்கும் கட்டி தட்டுப்படுவதில்லை, மாமோகிராமிலும் எளிதில் பிடிபடுவதில்லை. ஐயம் இருந்தால், ஈ-கேட்ஹெரின் பிடித்து வைத்திருக்கும் துணைப்புரதமான பி120 கேட்டெனினுக்கும் சாயமேற்றிப் பார்ப்பார்கள். விளிம்பில் இருக்க வேண்டிய அது, பிடிக்க ஆளில்லாமல் உயிரணுவுக்குள் சிதறிக் கிடக்கும்.

இதைப் பார்த்தவர்கள் பிடி விட்டால் பரவும், பிடி இருந்தால் பரவாது என்றுதான் நினைப்பார்கள். 1990களின் ஆய்வகச் சோதனைகளும் அப்படித்தான் சொல்லின: ஈ-கேட்ஹெரினைத் திரும்பக் கொடுத்தால் உயிரணுக்களின் ஊடுருவல் குறைந்தது. 1998இல் நியூசிலாந்தின் மாவோரிக் குடும்பங்களில் சிடிஎச்1 பழுது பரம்பரை இரைப்பைப் புற்றுக்குக் காரணம் என்று கண்டறிந்தார்கள். அந்தப் பழுதைச் சுமக்கும் பெண்களுக்கு நுண்மடல் மார்பகப் புற்றும் அதிகம் வருகிறது.

ஆனால் மார்பகப் புற்றுகளில் பெரும்பகுதி பால்நாளப் புற்றுகள். அவற்றில் பெரும்பாலானவை ஈ-கேட்ஹெரினை வைத்துக்கொண்டேதான் எலும்புக்கும் நுரையீரலுக்கும் கல்லீரலுக்கும் போகின்றன. ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ஆண்ட்ரூ இவால்டின் குழு 2019இல் வெளியிட்ட ஆய்வு இதை நேராகவே சோதித்தது. எலி மாதிரிகளில் ஈ-கேட்ஹெரினை நீக்கினால் ஊடுருவல் கூடியது, ஆனால் தொலை உறுப்புகளில் புதுக் கட்டிகள் குறைந்தன. பிரிந்து போன உயிரணுக்கள் ஆக்சிஜனேற்றச் சேதம் தாங்காமல் வழியிலேயே மடிந்தன. அருகிலுள்ள திசுவுக்குள் நுழையும் ஊடுருவலும், தொலை உறுப்பில் போய்க் குடியேறும் மாற்றிடம் புகலும் இங்கே எதிரெதிர்த் திசையில் போகின்றன. பரவல் என்று இரண்டையும் ஒரே சொல்லில் அடக்கினால் இந்த முடிவைத் தமிழில் எழுதவே முடியாது.

இன்னொன்று, இதுதான் என்னை அதிகம் உறுத்துகிறது. நோயாளியின் அறிக்கையில் ஈ-கேட்ஹெரின் நெகட்டிவ் என்று இருக்கும். அது புற்றின் வகையைப் பிரித்தறிய உதவும் குறிப்பு, நோய் எவ்வளவு முற்றியது என்பதை அது சொல்லாது. நம் கையேட்டில் அந்த அம்மா “பரவல்தடைப் புரதம் இல்லை” என்று படித்தால் அன்றிரவு தூங்குவாரா?

ஒட்டுப்புரதத்துக்கு வருகிறேன். ஒட்டு என்றால் நடுவே பூசும் கோந்து நினைவுக்கு வரும். இங்கே நடுவே பூசுவது எதுவும் இல்லை. ஒவ்வொரு உயிரணுவிலிருந்தும் நீளும் கேட்ஹெரின், பக்கத்து உயிரணுவின் கேட்ஹெரினை நேரடியாகக் கவ்விக்கொள்கிறது. அதற்குக் கால்சியம் வேண்டும். கால்சியத்தை எடுத்தால் பிடி நழுவும். இதைக் கண்டு பெயரிட்டவர் ஜப்பானின் மசடோஷி டகேய்ச்சி. உள்ளே கேட்டெனின்கள் அந்தப் பிடியை உயிரணுவின் சட்டகத்தோடு கட்டி வைக்கின்றன. பிடி தளரவும் செய்யும், மறுபடி இறுகவும் செய்யும். போதாததற்கு ஒட்டுண்ணி, ஒட்டுச்செடி என்று இந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே வேலை அதிகம். பிணைப்போ, வேதியியல் பாடநூல்களில் வேரூன்றிவிட்டது.

என் பரிந்துரை பற்றுப்புரதம். செயலை மட்டும் சொல்கிறது, விளைவைப் பற்றி வாக்குக் கொடுக்கவில்லை. கிளைச்சொற்களும் சிரமமின்றி வருகின்றன: உயிரணுவிடைப் பற்று, பற்றிழப்பு, இன்டெக்ரின்கள் என்ற வேறு வகைப் புரதங்கள் உயிரணுவை அதன் சூழ்தளத்தோடு பிடித்து வைப்பதற்குத் தளப்பற்று. பற்று வரவுக் கணக்கோடு குழப்பும் என்று வங்கியில் பணிபுரியும் நண்பர் எழுதியிருந்தார். நுண்ணோக்கிப் பக்கத்தில் யாரும் பேரேடு தேட மாட்டார்கள்.

யாழ்ப்பாண நண்பர் உயிரணு வேண்டாம், இலங்கையில் அதற்கு வழங்கும் கலம் என்ற சொல்லே போதும் என்கிறார். எனக்கு மறுப்பில்லை, ஆனால் சேர்த்து எழுதினால் ‘கலப்பற்று’ ஆகிவிடும். கலப்பு அற்று என்று படிப்பார்கள். ‘கலவிடை’ என்று போட்டால் இன்னும் மோசம், கலவி கண்ணில் படும்! கலங்களிடைப் பற்று என்று விரித்து எழுதினால் தப்பிக்கலாம்.

கேட்ஹெரின், கேட்டெனின், இன்டெக்ரின் ஆகிய தனிப்பெயர்களை ஒலிபெயர்ப்பிலேயே விட்டுவிடுவோம். அறிக்கைத் தாளோடு ஒப்பிட்டுப் பார்க்க நோயாளிக்கு அதுதான் உதவும்.

கையேட்டு வரிக்கு என் வரைவு: “ஈ-கேட்ஹெரின் ஒரு பற்றுப்புரதம். நுண்மடல் புற்றில் இது பெரும்பாலும் இருப்பதில்லை; வகையைக் கண்டறிய இதைச் சோதிக்கிறார்கள்.” இதில் இடறும் இடம் இருந்தால், குறிப்பாக இலங்கை நண்பர்கள், திருத்தி அனுப்புங்கள்.