மறுமொழி: சைமாவுக்கு ‘ஏரித்தொடர்’ பொருந்துமா?

அன்புள்ள கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம். ஏரிகள் அட்டவணையில் சைமாவை எந்தச் சொல்லால் குறிப்பது என்பதற்கு இங்கே வந்த யோசனை இது:

> பின்லாந்தின் மிகப் பெரிய ஏரி சைமா. பல ஏரிகள் சேர்ந்தது என்பதால் ‘ஏரித்தொடர்’ என்றே போட்டுவிடலாம்.

ஐயா, இதில் எனக்கு உடன்பாடில்லை. ஏரித்தொடர், சங்கிலி ஏரி என்றாலே மேலேரி நிரம்பி, கலங்கல் (மிகுநீர் வழிந்தோடும் இடம்) வழிந்து, கீழேரிக்கு மறுகால் பாய்வதுதான் நமக்கு நினைவுக்கு வரும். படிப்படியாக இறங்கும் நீர் அது. சைமாவில் அந்தப் படிகள் இல்லை. ஹவுகிவேசி, பிஹ்லயவேசி, சூர்-சைமா என்று வரைபடத்தில் தனித்தனிப் பெயர்கள் இருந்தாலும், எல்லாம் கடல்மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 76 மீட்டரில்தான் நிற்கின்றன. தெற்கே சல்பவுஸ்செல்கா முகடுகள், பனிப்பாறை விட்டுப்போன மணலும் சரளையும், அணைபோல் மறிப்பதால் தேங்கிய நீர் பள்ளங்களையெல்லாம் நிறைத்துவிட்டது. இயற்கையான வடிகால் வுவோக்சி ஆறு ஒன்றுதான். அது ரஷ்யாவின் லடோகா ஏரியில் போய்ச் சேர்கிறது.

மட்டம் இம்மி பிசகாமல் சமம் என்று சொல்லவில்லை. சவோன்லின்னாவில் 1475-இல் கட்டத் தொடங்கிய ஓலவின்லின்னா கோட்டை, ஹவுகிவேசிக்கும் பிஹ்லயவேசிக்கும் நடுவே ஒரு குறுகிய நீரிடுக்கில் பாறைமேல் நிற்கிறது. அங்கே நல்ல நீரோட்டம் உண்டு. ஆனால் அதைக் கலங்கல் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

சைமாவை ஒன்றாகக் கணக்கிட்டால் சுமார் 4,400 ச.கி.மீ. பிரித்தால் சூர்-சைமா மட்டும் ஏறத்தாழ 1,377. அப்போதும் பையன்னே (சுமார் 1,080), இனாரி (சுமார் 1,040) ஏரிகள் இரண்டும் பின்னால்தான். முதலிடம் மாறாது; ஆனால் பிஹ்லயவேசியும் ஹவுகிவேசியும் பட்டியலில் தனித்தனியே ஏறிவிடும். அட்டவணைக்கு மேலே எந்தக் கணக்கு என்று சொல்ல ஒரு சொல் வேண்டாமா?

என் பரிந்துரை ‘கூட்டேரி’. தாவரவியலில் ‘கூட்டிலை’ ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது: பார்வைக்குப் பல இலை, உண்மையில் ஒன்று. உள்ளே இருப்பவற்றுக்கு ‘உறுப்பேரி’. ‘ஏரிக்கோவை’யும் நல்ல சொல்தான், ஆனால் படிப்பவர் கோவை நகரத்து உக்கடம் குளத்துக்குப் போய்விடுவார்!

இயற்கையாக அமைந்ததற்கு ‘பொய்கை’ என்ற யோசனையும் வந்தது. பொருள் சரி, அளவு இடிக்கிறது. 4,400 ச.கி.மீ. பொய்கையில் எத்தனை தாமரை பூக்கும்?

பதிவுக்கு இப்படி எழுதியிருக்கிறேன்:

கூட்டேரி – ஏறத்தாழ ஒரே நீர்மட்டத்தில், குறுகிய நீரிடுக்குகளால் இணைந்து, பொது வடிகால் கொண்ட ஏரிகளின் தொகுதி.

சுவீடனின் மேலாரன் ஏரியையும் இதில் சேர்க்கலாமா என்று நிலவியல் படித்தவர்கள் சொல்லுங்கள். அதுவும் இடுக்குகளால் பிரிந்த பல பகுதிகள் கொண்டதுதான். மறுப்பு இல்லையென்றால் அட்டவணையில் திருத்திவிடுகிறேன்.