கவுன்சில் டாக்ஸ் ஏறுகிறது, லைப்ரரி வாரத்தில் மூன்று நாள்தான். காசு எங்கே போகிறது?

மூலைவீடு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். லண்டனின் வெளி ஓரத்தில் ஒரு போரோவில், அதாவது தனிக் கவுன்சில் உள்ள ஒரு பகுதியில், பதினாறு வருடமாக இருக்கிறோம். எந்தப் போரோ என்று சொல்லவில்லை. மற்ற இடங்களிலும் இதே கதைதான் என்று சிநேகிதிகள் சொல்கிறார்கள்.

ஒவ்வொரு வீடும் கவுன்சிலுக்குக் கட்டும் வரிக்கு, அதுதான் கவுன்சில் டாக்ஸ், இந்த வருடத்துப் பில் வந்தது. 4.99% ஏற்றம். போன வருடமும் 4.99. அதற்கு முந்தின வருடமும் அதேதான். பாட்டா செருப்பு விலை போல எப்போதும் அந்த 99.

பில் வந்த அதே கிழமை அம்மா லைப்ரரிக்குப் போய், போன வேகத்தில் திரும்பி வந்தார். "பூட்டிக் கிடக்குதடி பிள்ளை. கதவில ஒரு கடுதாசி ஒட்டியிருக்கு" என்றார். போய்ப் பார்த்தேன். இனிமேல் திங்கள், புதன், சனி மட்டும். செவ்வாயும் வியாழனும் இல்லை. அம்மா போகிற நாட்கள் அந்த இரண்டும்தான்.

அம்மாவுக்கு எழுபத்தாறு வயது. முழங்கால் வருத்தம். சில்லு வைத்த பையை இழுத்துக்கொண்டு பன்னிரண்டு நிமிடம் நடந்து போவார். அங்கே தமிழுக்கு மூன்று தட்டு இருக்கிறது. எல்லாவற்றையும் வாசித்து முடித்துவிட்டார். எதை வாசித்தோம் என்பது மறந்து போகிறது என்பதால், வாசித்த புத்தகத்தின் 17ஆம் பக்கத்தில் பென்சிலால் ஒரு சின்னப் புள்ளி வைப்பார். எடுத்தவுடன் 17ஐத் திருப்புவார், புள்ளி இருந்தால் திரும்ப வைத்துவிடுவார். இப்போது புள்ளி இருந்தாலும் எடுத்துக்கொண்டு வருகிறார், அது வேறு விஷயம்.

எனக்கு எரிச்சல் எங்கே என்றால், அந்த லைப்ரரிக்கு முன்னால் இருக்கும் சந்தியை நான்கு மாதமாகக் கிண்டுகிறார்கள். நல்லாயிருந்த நடைபாதையைப் பெயர்த்துவிட்டுப் புதுக் கல் பதிக்கிறார்கள், இரண்டு வாங்கு போடுகிறார்கள், பூச்சாடி வேறு. கல்லுக்குக் காசு இருக்கிறது, கதவைத் திறந்து வைக்க ஒரு ஆளுக்குக் காசு இல்லையா?

இன்னொன்றும் கேட்கவேண்டும். அடுத்த கட்டமாக இந்தக் கிளையையே மூடலாமா என்று இணையத்தில் கருத்துக் கேட்கிறார்கள். அதை நிரப்பி ஏதாவது பிரயோசனம் இருக்கிறதா, இல்லை முடிவை எடுத்துவிட்டுத்தான் கேட்கிறார்களா?

வெட்டொன்று எழுதியது:

முடிவை எடுத்துவிட்டுத்தான் கேட்பார்கள். இதில் என்ன சந்தேகம்?

வோக்கிங்கைப் பாருங்கள். ஒரு லட்சம் பேர் இருக்கிற ஊர். பில்லியன் கணக்கில் கடன் வாங்கி வானுயரக் கட்டடமும் ஹோட்டலும் கட்டினார்கள், 2023இல் கையை விரித்தார்கள். தரொக் கவுன்சில் சூரிய மின்சாரத் தோட்டங்களில் காசைக் கொண்டுபோய்க் கொட்டியது, 2022 டிசம்பரில் அதுவும் விழுந்தது. குரொய்டன் ஒருதரம் அல்ல, மூன்று தரம். சூதாடித் தோற்றவன் வீட்டுச் சாமானை விற்பதுபோல இப்போது லைப்ரரியை விற்கிறார்கள். நாங்கள் 4.99 கட்டுகிறோம்.

பழைய பேரேடு எழுதியது:

தங்கச்சி, நான் இருபத்தொரு வருடம் ஒரு கவுன்சிலின் நிதிப் பிரிவில் இருந்தவன். உங்களுடையது அல்ல, அதனால் உங்கள் ஊர்க் கணக்கு எனக்குத் தெரியாது. ஆனால் காசைப் பிரித்துப் போடும் கணக்குப் பெட்டிகள் எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

முதலில் அந்த 99. ஏற்றம் 5 வீதத்தைத் தொட்டால் மக்களிடம் வாக்கெடுப்பு வைக்கவேண்டும் என்று விதி. பொதுச் செலவுக்கு 3 வீதத்துக்குள், முதியோர், உடல் இயலாத பெரியவர்கள் பராமரிப்புக்கென்று தனியாக 2 வீதம். 2023 ஏப்ரலில் இருந்து எல்லை இதுதான். வாக்கெடுப்பு வைத்து "வரியை ஏற்று" என்று எந்தச் சனம் சொல்லும்? அதனால்தான் எல்லோரும் கோட்டுக்கு ஒரு நூல் உள்ளே நிற்கிறார்கள். அரசாங்கத்திடம் தனி அனுமதி வாங்கியவர்கள்தான் கோட்டைத் தாண்டுவார்கள். 2023இல் குரொய்டன் 14.99, 2024இல் பர்மிங்காம் 9.99. பாருங்கள், அங்கேயும் உங்கள் செருப்புக் கடை விலைதான்.

இனிக் கல்லுக்கு வருவோம். நான் வேலையில் இருந்த காலம் முழுக்க, ஒவ்வொரு பொதுக்கூட்டத்திலும் இந்தக் கேள்வி வரும். எங்கள் மேலதிகாரி பதில் சொல்வார், ஒருவரும் நம்பமாட்டார்கள். மூலதனச் செலவு ஒரு பெட்டி, மீண்டெழும் செலவு இன்னொரு பெட்டி. சந்திக்குக் கல் பதிப்பது முதல் பெட்டி. அதற்குக் கடன் வாங்கலாம், அல்லது பெரும்பாலும் வெளியிலிருந்து "இதற்கு மட்டும்" என்று எழுதி மானியம் வந்திருக்கும். லைப்ரரியில் வேலை செய்யும் பிள்ளையின் சம்பளம் இரண்டாவது பெட்டி. அதற்குக் கடன் வாங்கச் சட்டத்தில் இடமில்லை. கல்லுக்கு வந்த காசைச் சம்பளத்துக்குத் திருப்பினால் அடுத்த நாள் நிதி அதிகாரி வீட்டுக்குப் போகவேண்டியதுதான். கல்லை நிறுத்தினாலும் உங்கள் செவ்வாய்க்கிழமை திரும்பி வராது. இது நியாயமா என்று என்னைக் கேட்காதீர்கள். நானும் அந்த மாதிரிக் கல்லில் கால் தடக்கி விழுந்தவன்.

அப்போ இரண்டாவது பெட்டி எதில் கரைகிறது? குப்பை, தெருவிளக்கு, பூங்கா, லைப்ரரி என்று கண்ணால் காண்பதெல்லாம் சின்னத் துண்டு. உங்களுடையது போன்ற போரோவில் பாதிக்கு மேலே போவது முதியோர், உடல் இயலாதவர்கள், பாதுகாப்புத் தேவைப்படும் பிள்ளைகள் ஆகியோரின் பராமரிப்புக்கு. அதற்கு மேலே, வீடில்லாதவர்களுக்குத் தற்காலிக இடம். லண்டன் போரோக்கள் எல்லாம் சேர்ந்து இதற்கு மட்டும் நாளொன்றுக்கு ஏறக்குறைய 4 மில்லியன் பவுண்ட் செலவழிப்பதாக 2024இல் கணக்குச் சொன்னார்கள். அந்த வாடகையில் மத்திய அரசு திருப்பித் தருவது 2011 ஜனவரியில் இருந்த வாடகை உதவித்தொகை அளவில் 90 சதவீதம். 2011இல் வாடகை என்ன, இன்றைக்கு என்ன? மிச்சம் கவுன்சிலின் தலையில்.

இதெல்லாம் சட்டம் "செய்தே ஆகவேண்டும்" என்று சொல்லும் வேலைகள். ஒரு தாய் இரண்டு பிள்ளைகளோடு வந்து வரவேற்பு மேசையில் நின்றால், இந்த வருடத்துக் காசு முடிந்துவிட்டது, ஏப்ரலில் வாருங்கள் என்று சொல்ல முடியாது. லைப்ரரிக்கும் 1964இல் ஒரு சட்டம் இருக்கிறது, "முழுமையான, திறமையான" சேவை வேண்டும் என்கிறது. ஆனால் எத்தனை கிளை, எத்தனை மணி என்று அது சொல்லவில்லை. கடன் முட்டினால் வீட்டு வாடகையிலா கை வைப்போம்? பேப்பர் வாங்குவதை நிறுத்துவோம். அதுதான் நடக்கிறது.

2010க்கும் 2018க்கும் இடையில் மத்திய அரசிடமிருந்து கவுன்சில்களுக்கு வந்த பணம், விலைவாசியைக் கழித்துப் பார்த்தால் ஏறத்தாழப் பாதியாகிவிட்டது என்று தேசியக் கணக்காய்வு அலுவலகமே எழுதியிருக்கிறது. நான் சேர்ந்தபோது எங்கள் பிரிவில் பதினான்கு கதிரை. நான் வெளிக்கிடும்போது ஐந்து பேர். மிச்சக் கதிரைகளை ஒரு மூலையில் அடுக்கி வைத்திருந்தோம், அதை ஏற்றிப் போகவும் ஆளில்லை.

தம்பி வெட்டொன்று சொன்னது பொய்யில்லை. வோக்கிங்கிலும் தரொக்கிலும் நடந்தது அதுதான். மானியம் குறையக் குறைய, மலிவு வட்டிக்கு அரசுக் கடன் எடுத்துக் கட்டடம் வாங்கி வாடகையில் பிழைக்கலாம் என்று பல கவுன்சில்கள் நினைத்தன. வெறும் லாபத்துக்காகக் கட்டடம் வாங்க அந்தக் கடனைத் தரமாட்டோம் என்று அரசு கதவைச் சாத்தியது 2020 நவம்பரில்தான். கணக்குப் பார்த்துவந்த தணிக்கை ஆணையத்தை 2015இலேயே மூடிவிட்டார்கள். ஆனால் சூதாடாத கவுன்சிலும் இன்றைக்கு மூச்சு வாங்குகிறது. எல்லாவற்றையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டாதீர்கள்.

இன்னொன்று, கவுன்சில் "விழுந்தது" என்று எழுதுகிறீர்கள். கம்பனிபோல அது விழாது. 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் 114ஆம் பிரிவில் நிதி அதிகாரி ஒரு அறிவித்தல் விடுவார், வரவுக்கு மேலே செலவு போகப்போகிறது என்று. உடனே புதுச் செலவு எல்லாம் நிற்கும், சட்டக் கடமைகள் மட்டும் ஓடும். பர்மிங்காமில் 2023 செப்டம்பர் 5இல் வந்தது அதுதான். அங்கே ஆண்களுக்கும் பெண்களுக்கும் சம சம்பளம் கொடுக்காமல் விட்ட பழைய பாக்கி ஒரு பெரிய காரணம். ஒரு நாள் விட்ட தவறா? வருடக்கணக்காகச் சேர்ந்தது.

முதல் பஸ் எழுதியது:

அண்ணா சொன்ன அந்தப் பராமரிப்புப் பெட்டிக்குள் இருப்பவள் நான். முதியவர்களின் வீட்டுக்குப் போய்ச் செய்கிற கேர் வேலை. மூலைவீட்டு அக்கா, உங்கள் பில்லில் 2% என்று ஒரு வரி இருக்கிறதே, அதில் ஒரு சில்லறை என்னுடையது.

அங்கே காசு கொட்டிக் கிடக்கிறது என்று யாராவது நினைத்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் எழுதுகிறேன். காலை ஏழு மணிக்கு முதல் வீடு. சுவரில் இருக்கும் சாவிப்பெட்டியில் நான்கு இலக்கத்தை அமத்தி, சாவியை எடுத்து, உள்ளே போனதும் முதலில் போனில் பதியவேண்டும், அப்போதிருந்துதான் நேரம் ஓடும். அரை மணி நேரம். எழுப்பி, கழுவி, உடுப்பு மாற்றி, மாத்திரை கொடுத்து, டோஸ்ட் போட்டு, எல்லாம் எழுதி வைத்துவிட்டு வெளிக்கிடவேண்டும். போனில் மறுபடி பதிந்தால் நேரம் நின்றுவிடும். அடுத்த வீட்டுக்குப் பஸ்ஸில் இருபது நிமிடம், அதற்குச் சம்பளம் இல்லை. கவுன்சில் காசு கொடுப்பது ஏஜென்சிக்கு, ஏஜென்சி எனக்குக் கொடுப்பது அவர்கள் கணக்குப்படி.

ஒரு ஐயா இருக்கிறார், முன்பு முக்கால் மணி நேரம் ஒதுக்கியிருந்தார்கள், பிறகு அரை மணியாக்கினார்கள். முக்கால் மணியில் அவர் தானே ஷேவ் எடுப்பார், நான் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். இப்போது நான்தான் எடுத்துவிடுகிறேன், அதுதான் கெதி. அவருடைய கை இப்போது முன்பைவிட நடுங்குகிறது.

மூலைவீடு எழுதியது:

பழைய பேரேடு அண்ணாவுக்கு நன்றி. பெட்டிக் கதை விளங்குகிறது, எரிச்சல் போகவில்லை. முதல் பஸ் தங்கச்சி எழுதியதைப் படித்தபிறகு யாரோடு கோபிப்பது என்றும் தெரியவில்லை.

சரி, அந்தக் கருத்துக் கேட்பு? இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது.

பழைய பேரேடு எழுதியது:

நிரப்புங்கள். ஆனால் "லைப்ரரி முக்கியம், மூடாதீர்கள்" என்று மட்டும் எழுதாதீர்கள். அப்படி எழுதியவர்கள் எத்தனை பேர் என்று அறிக்கையில் ஒரு எண் வரும், அவ்வளவுதான். நான் அந்த அறிக்கைகளுக்கு அட்டவணை போட்டவன்.

எழுதவேண்டியது இப்படி: யார் போகிறார், என்ன வயது, எப்படிப் போகிறார், இந்தக் கிளை இல்லாவிட்டால் அடுத்தது எவ்வளவு தூரம், எத்தனை பஸ், வேறு மொழிப் புத்தகம் அங்கே இருக்கிறதா. ஏனென்றால் 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டத்தின்படி முதியவர்கள், இயலாதவர்கள், சிறுபான்மை இனத்தவர் எப்படிப் பாதிக்கப்படுவார்கள் என்பதை முடிவெடுக்க முன்னரே யோசித்துப் பார்க்கவேண்டிய கடமை கவுன்சிலுக்கு உண்டு. அந்த மதிப்பீடு எங்கே என்று ஒரு வரி கேளுங்கள். 2011இல் குளொஸ்டர்ஷயரும் சமர்செட்டும் போட்ட லைப்ரரிக் குறைப்பை உயர் நீதிமன்றம் செல்லாது என்றது இந்த இடத்தில்தான். 2018இல் நோர்தாம்டன்ஷயர் லைப்ரரிகளை மூட எடுத்த முடிவையும் நீதிமன்றம் தட்டியது.

மாற்று வழிகளை மறைத்துவிட்டுக் கேட்டார்களா என்றும் பாருங்கள். ஹரிங்கே கவுன்சில் வரிச் சலுகையைக் குறைக்க முன் கருத்துக் கேட்டபோது, வேறு வழிகளும் இருந்தன என்பதைச் சொல்லாமல் கேட்டது. அது சட்டப்படி பிழை என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. தம்பி வெட்டொன்றுக்கும் இது பதில்: முடிவை எடுத்துவிட்டுக் கேட்டால் அகப்பட்டுக்கொள்வார்கள் என்ற பயம் உள்ளே இருக்கிறது. அந்தப் பயத்தை நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன்.

வெல்லுவீர்கள் என்று சொல்லவில்லை. முழுநாள் கேட்டு அரைநாள் கிடைத்ததைப் பார்த்திருக்கிறேன்.

வெட்டொன்று எழுதியது:

அரைநாளுக்கு நீதிமன்றம் வரை போகவேண்டும். வாழ்க கவுன்சில்.

மூலைவீடு எழுதியது:

நேற்று இரவு அம்மாவை அருகில் இருத்திவைத்து நிரப்பினேன். அம்மா தமிழில் சொல்லச் சொல்ல நான் ஆங்கிலத்தில் தட்டினேன். பெட்டிக்குள் 500 எழுத்துக்கு மேல் ஏறவில்லை. அடுத்த கிளைக்கு இரண்டு பஸ், நடுவில் படிக்கட்டு இருக்கிற மேம்பாலம், அங்கே தமிழ்த் தட்டு இல்லை, இவ்வளவும் போட்டதும் முடிந்துவிட்டது. சமத்துவ மதிப்பீட்டைத் தனி மின்னஞ்சலில் கேட்டிருக்கிறேன்.

17ஆம் பக்கப் புள்ளியையும் எழுதவா என்று கேட்டேன். அவ்வளவு தூரம் அந்தப் புத்தகங்களோடு பழக்கம் என்று அவர்களுக்கு விளங்குமே என்று நினைத்தேன். அம்மா கையைப் பிடித்துத் தடுத்துவிட்டார்.

"உனக்கென்ன விசரே? கவுன்சிலின்ர புத்தகத்தில கிறுக்கினது நான்தான் எண்டு தெரிஞ்சா தண்டம் போட்டுடுவாங்கள்."