கைக்குழந்தையோடு திக்ரு: அனுபவமுள்ள தாய்மார்கள் சொல்லுங்கள்

அஸ்ஸலாமு அலைக்கும் சகோதரிகளே. பேரணாம்பட்டில் அம்மா வீட்டில் இருக்கிறேன். மகள் பிறந்து இன்றோடு 19 நாள், அல்ஹம்துலில்லாஹ்.

நிஃபாஸ் (பிரசவத்துக்குப் பின் வரும் உதிரப்போக்கு) நாட்கள் என்பதால் தொழுகை இல்லை. அதிகாலை ஃபஜ்ரு பாங்கு கேட்கும்போது மனம் என்னவோ செய்கிறது. அல்லாஹ்வை நினைத்து ஓதும் திக்ருக்குத் தடையில்லை என்பதுதான் ஆறுதல். வீட்டு வேலையில் கை காய்த்துப்போய், உதவிக்கு ஆள் கேட்ட தம் மகள் ஃபாத்திமா (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் கற்றுக்கொடுத்த தஸ்பீஹைப் படுக்கும்போது ஓத முயல்கிறேன். சுப்ஹானல்லாஹ் 33, அல்ஹம்துலில்லாஹ் 33, அல்லாஹு அக்பர் 34. பாதியிலேயே தூளி அசையும், எண்ணிக்கை விட்டுப்போகும். சில நாள் முடிக்காமலே தூங்கிவிடுகிறேன்.

பால் குடிக்கும்போது என் சுண்டுவிரலை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறாள். அப்போது மட்டும் அல்ஹம்துலில்லாஹ் தானாக வருகிறது, கூடவே அழுகையும்.

நீங்கள் இந்த நாட்களில் எப்படிச் சமாளித்தீர்கள்? பால் கொடுக்கும் நேரத்தில் எதை ஓதுவீர்கள்? காலை, மாலை துஆக்கள் தமிழ் எழுத்திலும் பொருளோடும் இருந்தால் அனுப்புங்கள். மெதுவாக ஓதிய ஆடியோ இருந்தால் இன்னும் நல்லது, இரண்டு கையிலும் பிள்ளை இருக்கிறதே. எங்களுக்காக துஆ செய்யுங்கள்.